பாம்பில்லாத பெயர்

நாம் கொஞ்சம் கண்ணசந்தால் நக்தி வரைந்த வாத்து பறந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் வரைந்த ரொட்டி செத்த பிறகும் பசியாற்றும், அவன் வரைந்த குடத்தில் பீர் வற்றாது என்று நம்பித்தான், வசதியுள்ளவர்கள் கை கால் நன்றாக இருக்கும்போதே அவனிடம் வந்து தங்கள் சவப்பெட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். அவனும் அந்தப் பெருமையில் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தான். அந்தக் கை இப்போது சொந்த மகனின் பெட்டியில் எழுதிக்கொண்டிருந்தது.

பெட்டி முற்றத்தில் பேரீச்சை நிழலில் கிடந்தது. தச்சன் ஹாபு அதை அத்திப் பலகையில் செய்து, வெள்ளைச் சுண்ணம் பூசிக் கொடுத்திருந்தான். ஒன்பது வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டியிருக்கும்? ஹாபு ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி வந்து இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான். மறுநாளிலிருந்து மூடியைப் பொருத்துகிறேன், ஆப்பு செதுக்குகிறேன் என்று ஏதாவது சாக்கில் வந்து நக்திக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டான்.

கெமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாவரைத்தாள், ரொட்டி சுட்டாள், ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே செய்தாள். மகன் ஆற்றங்கரைக் கொட்டகையில், உடம்பு கெடாமலிருக்க உப்புக்குள் கிடக்கிறான், அது வரைக்கும் எதுவும் முடிந்துவிடவில்லை என்பதுபோல ஒரு பிடிவாதம் அவளுக்கு. ஆனால் அன்று காலை கொட்டகையிலிருந்து ஆள் வந்துவிட்டது. பையனைத் துணியால் சுற்றிக் கட்டியாகிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம், நாளைக் காலை அடக்கம் என்றது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம்தான் முதுகைக் காட்டிக்கொண்டிருக்க முடியும்? பையனின் செருப்பையும், கழுத்தில் போட்டிருந்த பச்சைமணிக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, உள்ளே எங்கே வைப்பது என்று பார்க்கக் கெமி முதல் தடவையாகப் பெட்டியருகே வந்தாள்.

கிழக்குப் பக்கப் பலகையில் இரண்டு பெரிய கண்கள் இருந்தன. உள்ளே ஒருக்களித்துப் படுத்திருப்பவன் அந்தக் கண்கள் வழியாகச் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். நன்றாகத்தான் வரைந்திருந்தான். மை தீட்டிய பையனின் கண்ணேதான். அதற்கு மேலே நீளமாக ஒரு வரி எழுத்து ஓடியது. கெமிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் எழுத்தெல்லாம் படம்தானே. பருந்து தெரிந்தது, வாய் தெரிந்தது, நெளிநெளியாய்த் தண்ணீர் தெரிந்தது. வரியின் கடைசிக்கு வந்தபோது, கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

"இது என்ன நக்தி?"

"அவன் பேரு."

"பேரைக் கேக்கல. இது என்னன்னு கேட்டேன்." அவள் விரல் பலகையைத் தொடாமல் காற்றிலேயே நின்றது. விரலுக்கு நேரே ஒரு பாம்பு, தலையில் இரண்டு சின்னக் கொம்போடு, உடம்பை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது.

"அது எழுத்து, கெமி. 'ஃப்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அது இல்லாம அவன் பேரை எழுத முடியாது."

"கொம்பு இருக்கு."

"அந்த எழுத்துக்குக் கொம்பு உண்டு."

"அவனைக் கடிச்சதுக்கும் இருந்துச்சு."

நக்தி நாணல் தூரிகையைக் கீழே வைத்தான். அவர்கள் மகன் அன்கெஃப் எழுதிப் பழகுவதற்குச் சுண்ணாம்புக்கல் சில்லு பொறுக்க மலையடிவாரத்துக்குப் போனபோதுதான் கடிபட்டான். போகச் சொன்னது நக்திதான். அங்கே அந்தப் பாம்பு மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு கண்ணையும் கொம்பையும் மட்டும் வெளியே வைத்திருக்கும், யாருக்கும் தெரியாது. பையன் தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தான். மடியில் கட்டிய சில்லுகளைக்கூட வழியில் கொட்டவில்லை. வைத்தியர் வந்தார், மந்திரம் சொன்னார், கத்தியால் கீறினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூடிக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்த ஹாபு இடையில் புகுந்தான்.

"ஏம்ப்பா நக்தி, வடக்கே இப்பல்லாம் பெட்டிக்குள்ள பாம்பு எழுதினா கழுத்தைத் துண்டாத்தான் எழுதறாங்களாம். பறவைக்குக் காலே போடறதில்லையாம். உள்ள கெடக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதில்ல..."

"வடக்கத்தியானுக்குக் கால் வரைய வராதுண்ணே. அதை மறைக்க இப்படி ஒரு கதை கட்டிவிட்டிருக்கான்." நக்திக்கு முகம் கடுத்துவிட்டது. "எழுத்து சாமி குடுத்தது. அதை நொண்டியாக்க எனக்கு மனசு வராது. இத்தனை வருஷத்துல ஒருத்தர் பெட்டியிலயும் செஞ்சதில்ல. எம்புள்ள பேர்லயா செய்வேன்? பேரை வெட்டினா அவனை வெட்டின மாதிரி."

"நீ வரைஞ்ச ரொட்டி அவனுக்குப் பசியாத்துமா?" என்று கெமி கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஆத்தும்."

"இந்தக் கண்ணு?"

"பாக்கும்."

"உள்பக்கம் படகு வரைஞ்சிருக்கியே, அது?"

"போகும். மேற்குக்கரை வரைக்கும் அவனைக் கொண்டுபோகும்."

"அப்போ பாம்பு மட்டும் கடிக்காதா?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதையே நக்தியும் செய்தான். எழுத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும், எழுதப் படிக்கத் தெரியாதவள் இதிலெல்லாம் தலையிடாதே என்று கத்தினான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? சொன்ன உடனே அவனுக்கும் தெரிந்துவிட்டது. சொன்னதைத் திருப்பி எடுக்கத் தெரியாமல், ஹாபுவையும் சறுக்குவண்டியையும் இழுத்துக்கொண்டு, மகனைக் கொண்டுவர ஆற்றங்கரைக்குப் போய்விட்டான்.

கெமி பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு மூடியை வைத்துவிடுவார்கள். மண்ணைத் தள்ளிவிடுவார்கள். உள்ளே இருட்டு. அந்த இருட்டில் அவள் பிள்ளை கையும் காலும் கட்டப்பட்டு, ஓடக்கூட முடியாமல் கிடப்பான். கூடவே அதுவும் இருக்கும். நக்தி வரைந்தது. நக்தி வரைந்த எதுவும் சும்மா இருக்காது என்று ஊரே சொல்கிறது.

எழுந்து போய்க் கந்தைத் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தாள்.

புகைக்கரி மை. பிசின் இன்னும் முழுசாக இறுகவில்லை. இரண்டு தேய்ப்பில் பாம்பு கரைந்து துணியில் கறுப்பாக ஏறிக்கொண்டது. கெமி அத்தோடு விடவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தாள். கால்மாட்டில் ஒன்று இருந்தது. மேற்குப் பக்கத்தில், வரி நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றும். மூடியில். உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் அங்கேயும். பையன் தலை வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. வீட்டுக்குள் புகுந்த பாம்பை அடிப்பதுபோல ஒன்றுவிடாமல் தேடித் தேடி அழித்தாள். ஹாபுவின் சட்டியில் மிச்சமிருந்த சுண்ணத்தைக் குழைத்து, ஈரமான இடங்களில் எல்லாம் விரலாலேயே பூசினாள். பூசி முடித்தபோது, பையன் செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

அப்போது அடுத்த வீட்டிலிருந்து இபி வந்தாள். ஆறு வயது. அன்கெஃபின் தங்கை. கையில் பாதி தின்ற தேன்ரொட்டி. நேரே பெட்டியிடம் போய், வரியின் கடைசியில் விரலை வைத்து நகர்த்தினாள். நகர்ந்த விரல் நின்றுவிட்டது.

"அம்மா, அண்ணன் எங்கே?"

இந்தக் கேள்விக்குக் கெமியிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. செத்தவர்கள் போகிற திசையைச் சொல்லி, தினமும் தருகிற பதில். "மேற்கே போயிருக்கான் கண்ணு."

"அது தெரியும். இங்கே எங்கேன்னு கேக்கறேன். காலைல இங்கே இருந்தானே." இபி சுண்ணம் பூசிய இடத்தை விரலால் தட்டினாள். "இப்போ காணோம்."

கெமி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு வாசிக்கத் தெரியுமாடி?"

"அண்ணன் பேரு, என் பேரு, ரொட்டி, வாத்து, வெளிய போறது. அவ்வளவுதான் தெரியும். மிச்சத்தை அப்புறம் சொல்லித் தரேன்னான்." சொல்லிவிட்டுக் குழந்தை ரொட்டியை ஒரு கடி கடித்தாள்.

"வெளிய போறதா?"

"ஆமா. நம்ம தண்ணிக்குடத்துக்குக் கீழ இருக்கே."

இபி ஓடினாள். குடம் ஆடாமலிருக்க அடியில் செருகியிருந்த கல்சில்லை உருவினாள். குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கெமி கவனிக்கவில்லை. சில்லில் மூன்று படங்கள் இருந்தன. அது வாசலில் கிடந்தது, வாட்டமாக இருக்கிறதே என்று அவள்தான் எடுத்துச் செருகினாள்.

"இது வீடு. இது வாய். இது நடக்கற காலு. வீடும் வாயும் சத்தம் போடும். காலு சத்தம் போடாது, ஆனா என்ன சங்கதின்னு காட்டிக்குடுக்கும். காலு இருக்கா, அப்போ எங்கேயோ போறாங்க. 'வெளிய போறது.' வெறும் வீடு போட்டு அடியில ஒரு கோடு இழுத்தா வீடேதான். நீ வாசிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் அண்ணன் எழுதி எழுதி வெச்சுட்டுப் போவான். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்னு சொல்லிக்கலாமாம்." இபி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள்.

கெமி அந்தச் சில்லை இரண்டு கையாலும் வாங்கினாள். "அண்ணன் பேரைச் சொல்லு. ஒவ்வொண்ணா" என்றாள்.

"முதல்ல எங்கே நிக்கணும்னு பாக்கணும்மா. பருந்து, வாத்து, பாம்பு, ஆளு எல்லாம் ஒரே பக்கமாப் பாக்கும். அது மூஞ்சி எந்தப் பக்கமோ அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும். எதிர்ல போய் நின்னு பாக்கணும். பின்னாடியிலேர்ந்து வந்தா மரியாதை இல்லைன்னு அண்ணன் சொல்வான்." இபி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "இது செருப்பு வார் மாதிரி இருக்கில்ல? இது 'அன்க்'. வாழறதுன்னு அர்த்தம். பக்கத்துல தண்ணி, அப்புறம் சல்லடை. தண்ணி 'ன்'னு சொல்லும், சல்லடை 'க்'னு சொல்லும். புதுசா ஒண்ணும் சொல்லாது, வார் சொன்னதையே பின்பாட்டு பாடும். மறந்துபோறவங்களுக்காக."

"அப்புறம்?"

"அப்புறம் பாம்பு. 'ஃப்.' பாம்புன்னா 'அவன்'. அன்க், ஃப். அன்கெஃப். 'அவன் வாழ்வான்.' கடைசில சின்னப் பையன் உக்காந்திருக்கான் பாரு, வாயில விரல் வெச்சுக்கிட்டு? அவனை வாசிக்கக் கூடாது. சத்தமே கிடையாது. இது ஒரு பையனோட பேருன்னு காட்டறதுக்காகச் சும்மா உக்காந்திருக்கான்."

"பாம்பு இல்லேன்னா என்ன இருக்கு இபி?"

"'வாழறது'ன்னு மட்டும்தான் இருக்கு. யாருன்னு இல்ல." குழந்தை யோசித்தாள். "யாருன்னு இல்லேன்னா எப்படிம்மா கூப்பிடுவாங்க? ரொட்டி கொண்டுவந்தவங்க யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாம நிப்பாங்களே."

கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு கல் நிற்கிறது. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அது தெரியும். களஞ்சியத்துத் தானியத்தைத் திருடின அதிகாரி ஒருவனுடைய கல். உருவத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் உளியால் கொத்திச் சிதைத்திருப்பார்கள். கழுத்தை அறுப்பதைவிட அது பெரிய தண்டனை. அந்தக் கல்லைத் தாண்டும்போது கெமியும் குழந்தைகளைப் பிடித்து வேகமாக நடத்திக்கொண்டு போவாள். இவனை இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள், தெய்வம்கூடத் தேடாது என்று பயமுறுத்தியிருக்கிறாள். திருடனுக்குச் செய்ததை அவள் இப்போது தன் பிள்ளைக்குச் செய்து வைத்திருக்கிறாள். அதுவும் ஓரிடத்தில் விடாமல், பெட்டியெல்லாம் தேடித் தேடி.

கெமி பெட்டிமேல் இரண்டு கையையும் பரப்பி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இபி பயந்துபோய் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது சறுக்குவண்டி வந்தது. நக்தி முன்னால் இழுத்தான், ஹாபு பின்னால் பிடித்துக்கொண்டு வந்தான். வண்டியின்மேல் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொதி இருந்தது. நக்தி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். காய்ந்தும் காயாமலும் திட்டுத்திட்டாக இருந்த புதுச் சுண்ணத்தைப் பார்த்தான். இழுகயிறு கையிலிருந்து நழுவியது.

"என்ன செஞ்சு வெச்சிருக்க?"

"அழிச்சுட்டேன்."

"கெமி, அது..."

"தெரியும். இபி சொல்லிட்டா. எம்புள்ள பேரை நானே அழிச்சுட்டேன்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "திரும்ப எழுது."

எங்கே சண்டை வரப்போகிறதோ என்று ஹாபு நடுவில் வந்து நின்றான். சண்டை வரவில்லை. நக்தி பொதியை ஒரு பார்வை பார்த்தான், மைத்தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"எழுதறேன். ஆனா பாம்போடதான் எழுத முடியும். அது இல்லாம அவன் இல்ல."

"பாம்பு இருக்கட்டும்" என்றாள் கெமி. "உசுரோட இருக்கக் கூடாது."

நக்தி ஹாபுவைப் பார்த்தான். ஹாபு தரையைப் பார்த்தான்.

"நீ காலைல கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்றான் நக்தி, மெதுவாக. "வழியெல்லாம் அதுதான் ஓடிச்சு. ரொட்டி உண்மைன்னா பாம்பும் உண்மை. பாம்பு பொய்யின்னா ரொட்டியும் பொய். ரொட்டி பொய்யின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவன் பட்டினியால்ல கெடப்பான்."

தூரிகையைத் தோய்த்தான். கழுத்து துண்டான பாம்பை எழுதுவதென்றால் தலையைத் தனியாகப் போட்டு, கொஞ்சம் இடம் விட்டு உடம்பைப் போட வேண்டும். தலையைப் போட்டான். இரண்டு கொம்பு. அங்கே தூக்க வேண்டிய தூரிகை தூக்கப்படாமல் தன்பாட்டுக்கு ஓடி, கழுத்தை வளைத்து, வால் வரைக்கும் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுதினான். மறுபடியும் அப்படித்தான். அத்தனை வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. எழுதியது முழுப் பாம்பு, அழகான பாம்பு.

"எனக்கு வரல கெமி." அவன் தூரிகையை மைத்தட்டில் போட்டான். "வெட்டறதுன்னா அவன் பேரையே வெட்டற மாதிரி இருக்கு. வெட்டினப்புறம் அது அவன் பேராவே இல்லாமப் போயிட்டா?"

கெமி போய் அடுப்பங்கரையிலிருந்து மீன் அறுக்கிற கல்கத்தியை எடுத்து வந்தாள். "நீ முழுசாவே எழுது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவன் கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டான். அவள் கத்தி முனையைச் சுண்ணத்தில் வைத்தபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினான்.

"இங்கே. இதுதான் கழுத்து. பலகை வரைக்கும் போக வேண்டாம். மை போனாப் போதும்."

கெமி அழுத்தி இழுத்தாள். சுண்ணத் தூள் உதிர்ந்தது. பாம்பின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. பின்னால் நகர்ந்தாள். பேர் பிழைத்ததா, செத்ததா? நக்தியால் அதைப் பார்க்கவே முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இபி, இங்கே வா. வாசி."

குழந்தை வந்து எழுத்தின் முகத்துக்கு எதிரே மரியாதையாக நின்றாள். விரல் வார்மேல் போனது, தண்ணீர்மேல், சல்லடைமேல். வெட்டுப்பட்ட பாம்பிடம் வந்து தயங்கியது.

"அன்கெஃப்" என்றாள் இபி. "வந்துட்டான்மா. பாம்புக்குத்தான் அடிபட்டிருக்கு. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல."

நக்தி பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். உப்புக் கொட்டகையில் அழாதவன், மகன் கண்மூடியபோதுகூட ஊர் பார்க்க அழாதவன், மைக்கையால் முகமெல்லாம் துடைத்துக் கறுப்பாக்கிக்கொண்டு அழுதான். ஹாபு அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "எழுதுப்பா, வெளிச்சம் போகுது" என்றான். நக்தி எழுதினான், கெமி வெட்டினாள், ஒவ்வொன்றையும் இபி வாசித்துச் சொன்னாள். தலைமாட்டில் இருந்ததைக் கெமி மற்றவற்றைவிட ஆழமாக வெட்டினாள்.

மறுநாள் காலை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ரொட்டி, வெங்காயம், உலர்ந்த மீன், பீர்க் குடம் எல்லாம் வந்தன. வாசிக்கிற பூசாரி இகேர், தோளில் சிறுத்தைத் தோலோடு பெட்டியின் பக்கத்தில் நின்று வரியை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். செத்தவர்களின் தெய்வமான ஒசிரிஸ் கொடுக்கட்டும், ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், மாடும் பறவையும் இன்னாருக்கு என்று படித்துக்கொண்டே வந்தவர், பேருக்கு வரும்போது நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"நக்தி, இது உன் வேலையா? கை தவறிடுச்சா?"

நக்தியின் கையைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கெமி முன்னால் வந்து பேச வாயெடுத்தாள்.

"தவறல சாமி" என்றான் நக்தி. ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "என் வேலைதான். வேணும்னேதான் செஞ்சது. இனிமே நான் எழுதற பெட்டியில பாம்பு இப்படித்தான் இருக்கும்."

இகேர் அவனைப் பார்த்தார். கெமியின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைச் சுண்ணத்தையும் பார்த்தார். மறுபடி குனிந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். மலையில் பட்டுத் திரும்புகிற குரல் அவருக்கு. "அன்கெஃப்" என்று அந்தக் குரல் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள்.

பெட்டியை இறக்கக் கயிறு போட்டார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் கெமி.

அவள் சுற்றி வந்து, எழுத்துகளின் முகம் பார்க்கிற பக்கமாக, எதிரே நின்றாள். விரலை வைத்தாள். வார். தண்ணீர். சல்லடை. கழுத்தறுபட்ட பாம்பு. வாய் அசைந்தது, முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"அன்கெஃப்."

பேர் முடிந்துவிட்டது. விரல் மட்டும் இன்னும் ஒரு படம் நகர்ந்து, வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்த பையன்மேல் வந்து நின்றது. அவனுக்குச் சத்தம் கிடையாது என்று இபி சொல்லியிருந்தாள். கெமி அவன் தலையை விரல்நுனியால் தடவிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தவர்களின் கை நோகும்வரை அங்கேயே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"இறக்குங்க" என்றாள்.